நாலாவது கயிறு

ஏகாம்பரத்துக்கு ஐம்பத்து மூன்று வயசு. அவருடைய குருவுக்கு முப்பத்து நாலு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். ஏகாம்பரத்தின் வீட்டில் ஒரு வாரம் சிரித்து ஓய்ந்தார்கள். "தலை நரைச்சப்பறம் ஸ்லேட்டைத் தூக்கிக்கினு போறாரு பாரு," என்றாள் அவர் மனைவி. அவர் சட்டைப் பையில் பென்சிலைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தங்கசாலையில் ஒரு கடையில் முப்பது வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை வரைகிறவர் அவர். வாழை மரம், நாதஸ்வரம், மாலை மாற்றும் கைகள், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வரும். வாரத்தில் ஆறு நாள் அந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டேரிக்கு, ஜெபக்கனி டீச்சரின் மாடி அறைக்கு எழுத்துப் பழகப் போவார்.

ஜெபக்கனி பள்ளிக்கூட டீச்சர் இல்லை. வாரப் பத்திரிகை, மாதப் பத்திரிகைகளுக்குத் தலைப்பு எழுதுகிறவர். கடையில் தொங்கும் பத்திரிகையின் அட்டையில் மேலே அதன் பெயர் பெரிசாக இருக்குமே, அது அவர் வேலை. ஒரு சினிமாப் பத்திரிகை முதலாளி, எழுத்துக்கு நடுவில் ஒரு இதயம் போட்டுக் கொடுக்கச் சொன்னாராம். "இதயத்தை நீங்களே வச்சுக்கிடுங்க, கதவு அந்தப் பக்கம்" என்றாராம் டீச்சர். ஓட்டேரியில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது.

ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டில்லிபாபு வந்தான். கானா பாடுகிறவன். சாவு வீட்டு வாசலில் பாடுவான், கல்யாணத்தில் பாடுவான், ஒன்றும் இல்லாவிட்டால் தெருமுனையில் நின்று சும்மாவே பாடுவான். கானாவுக்கும் ஒப்பாரிக்கும் சேர்த்து ஒரு மாதப் பத்திரிகை தொடங்கப்போகிறானாம். பெயர் 'எதிர்ப்பாட்டு'. ஒருத்தன் ஒரு பாட்டை எடுத்துவிட்டால் எதிரில் நிற்கிறவன் விடாமல் பதில் பாட்டுப் பாட வேண்டும். அதற்குத்தான் அந்தப் பேர்.

"தலைப்பு நான் எழுதல," என்றார் டீச்சர். "ஐயா எழுதுவாரு."

ஏகாம்பரம் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். மூன்று வருஷம் கோடு போட்டுப் பழகியிருக்கிறார். ஒரு தலைப்புகூட வெளியே போனதில்லை. டில்லிபாபு இறங்கிப் போகும் வரை காத்திருந்து கேட்டார்.

"டீச்சர், ஒரு தலைப்பு ஆளை எப்படிக் கூப்பிடும்?"

"உங்க அப்பா உங்களை எப்படிக் கூப்பிடுவாரு?"

"எல்லார் மாதிரியும்தான். பேரைச் சொல்லி."

டீச்சர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி. எழுதிக்கிட்டு வாங்க," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரம் சுருட்டிய காகிதத்தைப் பக்குவமாகப் பிரித்து மேஜை மேல் வைத்தார். அடடா, என்ன வேலைப்பாடு! தங்க நிறத்தில் ஏழு எழுத்து. ஒவ்வொன்றின் வாலும் சுருண்டு சுருண்டு கொடியாக ஓடியது. அடியில் ஒரு வீணை படுத்திருந்தது. ரெண்டு பக்கமும் மயிலிறகு. கெட்டிமேளம் ஒன்றுதான் பாக்கி.

டீச்சர் காகிதத்தின் மூலையைத் தொட்டு விரலை முகர்ந்தார்.

"ஐயா, இது என்ன? மஞ்சளா?"

ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. தங்கசாலைக் கடையில் எந்தக் கல்யாணப் பத்திரிகை முடிந்தாலும் முதல் பிரதிக்கு நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துத்தான் கொடுப்பார்கள். முப்பது வருஷப் பழக்கம்.

"கை தானா போயிடுச்சு, டீச்சர்."

"சாவுப் பாட்டுப் புத்தகத்துக்கு மஞ்சள் வச்ச ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்!" டீச்சர் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீணை எதுக்கு?" என்று கேட்டார்.

"பாட்டுப் புக்குன்னு தெரியணும்ல?"

"டில்லிபாபு வீணை வாசிப்பானா?"

"இல்ல."

"பின்னே?"

"ஒரு மரியாதையா இருக்கட்டும்னு…"

டீச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"யாருக்கு மரியாதை?"

ஏகாம்பரம் துண்டு நுனியால் மஞ்சளைத் துடைக்கப் பார்த்தார்.

இது நல்லது, அது கெட்டது என்று டீச்சர் எதுவுமே சொல்லவில்லை. கீழே ஜெராக்ஸ் கடையில் கலரில் ஒரு பிரதி எடுத்தார். ஒரு பழைய புத்தகத்துக்கு அதை அட்டையாக ஒட்டினார். ரோட்டைக் கடந்து எதிரில் பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கும் தங்கம்மா அக்காவின் பத்திரிகைக் கடைக்குப் போனார். ஏகாம்பரம் பின்னாலேயே போனார்.

அந்தக் கடையில் மூன்று கயிறு. மேல் கயிற்றில் சாமிப் புத்தகமும் ராசிபலனும். நடுக் கயிற்றில் சினிமா, அரசியல். கீழ்க் கயிற்றில் சமையலும் சின்னப் பிள்ளைகள் படிப்பதும். எல்லாம் கிளிப் போட்டு, கூட்டமான பஸ்ஸில் ஆட்கள் நிற்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தொங்கும். எந்தப் புத்தகத்திலும் மேலே நாலு விரல்கடைதான் வெளியே தெரியும். தலைப்பு மட்டும். உள்ளே என்ன எழுதியிருந்தாலும் அந்த நாலு விரல்கடைதான் முதலில் பேச வேண்டும்.

"இதை எங்கயாவது மாட்டுக்கா," என்றார் டீச்சர்.

தங்கம்மா அக்கா அதை ஒரு பார்வை பார்த்தாள். எந்தக் கயிறு என்று கேட்கக்கூட இல்லை. மேல் கயிற்றில், ராசிபலனுக்கும் ஒரு அம்மன் புத்தகத்துக்கும் நடுவில் சொருகிவிட்டு, அடுத்த ஆளுக்குப் பேப்பர் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள்.

இருவரும் மாடிக்கு வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்கள். டீச்சர் போனை எடுத்து, "டில்லி, உன் புத்தகத்தோட மாதிரி தங்கம்மா அக்கா கடையில தொங்குது. போய் எடுத்துக்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பத்தே நிமிஷத்தில் டில்லிபாபு வண்டியில் வந்து இறங்கினான். ஆசை ஆசையாகத்தான் வந்தான், பாவம். நடுக் கயிற்றைப் பார்த்தான். குனிந்து கீழ்க் கயிற்றைப் பார்த்தான். மறுபடி நடுக் கயிறு. ஒரு சினிமாப் புத்தகத்தைத் தள்ளி அதன் பின்னால் பார்த்தான். மழை வருமா என்று பார்க்கிறவன் மாதிரி ஒரு தடவை மேலே நிமிர்ந்தான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

டீச்சரின் போன் அடித்தது. டீச்சர் ஸ்பீக்கரைப் போட்டு ஏகாம்பரம் பக்கம் நீட்டினார்.

"டீச்சரு, இன்னும் மாட்டலையா? நான் கடையாண்டதான் கீறேன்."

ஏகாம்பரம் போனுக்கு அருகில் குனிந்தார்.

"மேல பாரு, டில்லி."

"மேல சாமி புக்குதாண்ணா கீது."

தன் பத்திரிகை தன் தலைக்கு ஒரு முழம் மேலே தொங்குகிறது, தொடங்கினவனுக்கே அது கண்ணில் படவில்லை. ஏகாம்பரத்துக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வீணையைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன மாத்தணும், சொல்லுங்க டீச்சர். வீணையை எடுத்துர்றேன். தங்கக் கலரை எடுத்துர்றேன்."

"ஒண்ணும் எடுக்க வேண்டாம். போன வாரம் ஒண்ணு கேட்டேன். நீங்க பொய் சொன்னீங்க. அதை மட்டும் மாத்துங்க."

ஏகாம்பரம் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவிக்குக்கூடப் பாதிதான் தெரிந்த கதை அது.

"எங்க அப்பா பேரு தேசிங்கு. சட்டி மேளம் அடிக்கிறவரு. சாவுக்கு முன்னாடி இடுப்புல கட்டிக்கினு ரெண்டு குச்சியால அடிப்பாங்களே, அது. அவரு என்னைப் பேர் சொல்லியே கூப்டதில்ல டீச்சர். சாயங்காலம் ஆச்சுன்னா தெருக்கோடில நின்னு மேளத்துல அடிப்பாரு. டக டக டண். அவ்ளோதான். நான் மரத்து மேல இருந்தாலும் குதிச்சு ஓடுவேன்."

"ம்."

"தங்கசாலைல வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா இன்னா பண்றாருன்னு மொதலாளி கேட்டாரு. கொத்தனாருன்னுட்டேன். சாவு மேளக்காரன் புள்ள கை பட்ட பத்திரிகையை எவன் தன் வூட்டு கல்யாணத்துக்கு எடுப்பான்? சேர்ந்து ஒரு மாசம் இருக்கும். புள்ள வேலை செய்யற கடையைப் பார்க்கணும்னு வந்துட்டாரு. எங்கயோ அடிச்சிட்டு அப்படியே வந்திருக்காரு, இடுப்புல மேளம். கடைக்குள்ள வரல. எதிர் பிளாட்பாரத்துலயே நின்னுட்டாரு. நின்னுக்கினு அடிச்சாரு. டக டக டண்."

ஏகாம்பரம் அதை விரலால் தரையில் தட்டிக் காட்டினார்.

"கடையில எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. யாருப்பா அதுன்னாரு மொதலாளி. தெர்ல சார்னேன். தலையைத் தூக்கவே இல்ல டீச்சர். வாழை மரம் வரைஞ்சிக்கினு இருந்தேன்."

"அப்புறம்?"

"ரெண்டாவது வாட்டி அடிச்சாரு. மூணாவது அடிக்கல. போய்ட்டாரு. அன்னிலேர்ந்து சாகற வரைக்கும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்டாரு." ஏகாம்பரம் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "போன வாரம் நான் சொன்னது முழுப் பொய் இல்ல டீச்சர்."

ஐம்பத்து மூன்று வயசு ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதார். டீச்சர் தேற்றவில்லை. எழுந்து போய் ஒரு பெரிய வெள்ளைக் காகிதத்தைத் தரையில் விரித்தார். மைக் கிண்ணத்தை அதன் பக்கத்தில் வைத்தார்.

"எழுதுங்க," என்றார்.

ஏகாம்பரம் பிரஷ்ஷை எடுத்தார். மூன்று எழுத்து எழுதுவதற்குள் வால் சுருண்டது. கிழித்துப் போட்டார். மறுபடி எழுதினார், மறுபடி சுருண்டது. பிரஷ்ஷைத் தூக்கி எறிந்துவிட்டு, மூலையில் கிடந்த மூங்கில் பிளாச்சை எடுத்து மையில் தோய்த்தார். ரெண்டு சின்ன அடி. ஒரு பெரிய அடி. எழுத்து ஒரே உயரத்தில் நிற்கவில்லை. 'எதிர்' என்பது குறுகி முன்னால் பாய்ந்தது. 'பா' ஒரே இழுப்பில் விழுந்து, கோட்டுக்குக் கீழே காலை ஊன்றியது. ஓரமெல்லாம் பிசிறு. மை நாலு பக்கமும் தெறித்திருந்தது. கறுப்பு மை, வெள்ளைத் தாள், வேறு எதுவும் இல்லை.

சாயங்காலம் டீச்சர் வந்து பார்த்தார். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை? கிடையாது. தெறித்த மையை ஏகாம்பரம் வெள்ளை பூசி மறைக்கப் போனபோது அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டில்லிபாபு ஏஜென்ட் சிங்காரவேலுவைக் கூட்டிக்கொண்டு வந்தான். வட சென்னையில் இருநூறு கடைக்குப் பத்திரிகை போடுகிறவர் அவர். அவர் கை வைத்தால்தான் ஒரு புத்தகம் கயிறு ஏறும்.

டில்லிபாபு தலைப்பைப் பார்த்தான். அவன் விரல் தொடையில் என்னவோ தட்ட ஆரம்பித்துவிட்டது. அது அப்பாவின் அடி இல்லை. வேறு ஏதோ அடி. ஏகாம்பரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா இது?" என்றார் சிங்காரவேலு. "கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி கீது." மேஜை மேல் கிடந்த பழைய தாளை எடுத்தார். "இது இன்னா? ஆங், இது தலைப்பு! தங்கம், வீணை, லட்சணமா கீது. இதைப் போடு. இருநூறு கடையில தொங்கவிடறேன். அதைப் போட்டா ஒரு கடையிலயும் தொங்காது."

டில்லிபாபு டீச்சரைப் பார்த்தான்.

"எழுதினவரைக் கேளு," என்றார் டீச்சர். பிரஷ்களை அள்ளிக்கொண்டு தொட்டிக்குப் போய்க் கழுவ ஆரம்பித்தார்.

ஏகாம்பரம் சிங்காரவேலுவுக்கு நேராக வந்து நின்றார்.

"கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நின்னு படிக்காம இந்தத் தெருவுல போன ஒரு ஆளைக் காட்டுங்க சார்."

"நல்லாத்தான் பேசற." சிங்காரவேலு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கசாலைல கல்யாணப் பத்திரிகை வரையற ஆளுதானே நீ? உங்க மொதலாளி எனக்கு ரொம்ப வேண்டியவரு. சாவு மேளப் புக்குக்கு நீ தலைப்பு எழுதறது அவருக்குத் தெரியுமா?"

முப்பது வருஷ வேலை. கடைசிப் பெண்ணுக்குப் படிப்பு இன்னும் முடியவில்லை. ஏகாம்பரம் டீச்சர் பக்கம் திரும்பினார். டீச்சர் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கமே நின்றார். ஒரு வார்த்தை உதவிக்கு வரவில்லை.

"தெரியாது," என்றார் ஏகாம்பரம். "டில்லி, ரெண்டாம் பக்கத்துல தலைப்பு எழுதினவன் பேரு போடுவியா?"

"போடுவேண்ணா."

"எழுதிக்கோ. தலைப்பு எழுத்து, சட்டி மேளம் தேசிங்கு மகன் ஏகாம்பரம். மொதல் புக்கை சார் கையில குடு. எங்க மொதலாளிக்கு வேண்டியவராச்சே, அவரே கொண்டு போய்க் குடுக்கட்டும்."

சிங்காரவேலுவின் முகம் சிவந்துவிட்டது. "ஒரு கயிறுல கூட ஏறாது! ரெண்டு மாசத்துல என் கால்ல வந்து வுழுவீங்க, பாரு!" என்று கத்திக்கொண்டே வெளியே போனார்.

"படி செங்குத்தா இருக்கும்," என்றார் டீச்சர், திரும்பாமலே. "பார்த்து இறங்குங்க."

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை 'எதிர்ப்பாட்டு' வந்தது. இருநூறு கடையில் ஒரு கடையும் இல்லை. தங்கம்மா அக்கா கடை மட்டும்தான். "எவன் சொன்னா எனக்கென்ன, என் கடை, என் கயிறு" என்றுவிட்டாள் அவள்.

ஏகாம்பரமும் டீச்சரும் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார்கள். அக்கா ஒரு புத்தகத்தை எடுத்து மேல் கயிற்றில் வைத்துப் பார்த்தாள். எடுத்துவிட்டாள். நடுக் கயிற்றில் வைத்தாள். உதட்டைப் பிதுக்கினாள். கீழ்க் கயிற்றுக்குக் குனிந்து பாதியிலேயே நிமிர்ந்தாள்.

"இதை எதோட மாட்டித் தொலைக்கிறது? எதுகூடவும் சேராது போலக் கீதே!" என்று அவள் போட்ட சத்தம் மாடிக்கே கேட்டது.

பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து நைலான் கயிற்றை இழுத்தாள். கடைத் தூணில் ஒரு முனை, பஸ் ஸ்டாப் கம்பத்தில் ஒரு முனை. நாலாவது கயிறு. அதில் ஆறு 'எதிர்ப்பாட்டு'களை ஒன்றோடொன்று சாயவிடாமல் வரிசையாக மாட்டினாள்.

கை முழுக்கப் பெயிண்டோடு ஒருத்தன் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தான். பாதி ரோட்டில் நின்றுவிட்டான். ஆட்டோக்காரன் திட்டியதுகூட அவன் காதில் விழவில்லை. மீன் கூடையோடு போன ஒரு அம்மாள் நின்றாள். டில்லிபாபுவின் கூட்டாளி ஒருத்தன் சட்டி மேளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேளம் எழும்பியது. ஆள் சேர்ந்தது.

ஏகாம்பரம் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். இறங்கிப் போகலாம் என்று ஒரு எட்டு எடுத்து வைத்தார். அப்போதுதான் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களைப் பார்த்தார். அம்மா, அப்பா, பெண். போன வாரம் தங்கசாலைக் கடைக்கு வந்து, "எங்க பொண்ணு பத்திரிகையை நீங்கதான் வரையணும்" என்று அவரிடமே கேட்டுக்கொண்டு போன குடும்பம். அந்த அம்மாள் மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

எடுத்து வைத்த கால் பின்னால் வந்துவிட்டது. ஏகாம்பரம் ஜன்னல் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார். ரெண்டாம் பக்கத்தில் பேர் போட்டாயிற்று, சிங்காரவேலுவை எதிர்த்துப் பேசியாயிற்று. ஆனாலும் அந்த மேளத்துக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்றால் மனசு வரவில்லையே! அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

கீழே டில்லிபாபு மாடியைப் பார்த்து, "ணா! வாண்ணா!" என்று கத்தினான். இரைச்சலில் அது பாதியும் மேலே வரவில்லை. அவன் கூட்டாளியின் கையிலிருந்து குச்சிகளைப் பிடுங்கினான்.

டக டக டண்.

ஏகாம்பரம் ஜன்னல் கதவை விட்டு வெளியே எட்டிப் பார்த்தார். இது அவனுக்கு எப்படித் தெரியும்? அவர் ஒரே ஒருத்தரிடம்தான் சொல்லியிருந்தார். திரும்பிப் பார்த்தார். டீச்சர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"டீச்சர்," என்றார். "நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லல. ஒரு தலைப்பு ஆளை எப்படிக் கூப்பிடும்?"

கீழேயிருந்து மறுபடியும் கேட்டது. டக டக டண்.

டீச்சர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ரெண்டாவது தடவையும் அடிச்சாச்சு, ஐயா," என்றார். "வாழை மரம் வரைஞ்சது போதும். ஓடுங்க."